வழிப்பறிக்கு என்ன விலை?

ஆயிரக்கணக்கானோர் ஆன்லைனில் சேர்ந்து விளையாடும் திறந்த உலக கேம் ஒன்று வரப்போகிறது என்று அறிவிப்பு வெளியானால், ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிவதற்கு ஒரே ஒரு கேள்வி போதும்: ‘ஊருக்கு வெளியே நான் பாட்டுக்கு மூலிகை பறித்துக்கொண்டிருக்கும்போது, முன்பின் தெரியாத ஆட்டக்காரர் ஒருவர் பின்னால் வந்து என்னை வெட்டிப்போட முடியுமா?’ முடியும் என்று தயாரிப்பாளர் சொன்னால் ஒரு கட்சி ஒதுங்கிக்கொள்ளும். முடியாது என்று சொன்னாலோ, ‘ஆபத்தே இல்லாத உலகத்தில் எனக்கு என்ன வேலை?’ என்று மறு கட்சி கிளம்பிவிடும்.

கணினி இயக்கும் அரக்கனோடு மோதாமல், இன்னொரு மனிதர் இயக்கும் பாத்திரத்தோடு மோதுவதை பிவிபி என்பார்கள். அதை ஒரு பெரிய திறந்த உலகத்துக்குள் வைப்பது, பார்க்கிறவர்கள் நினைப்பதைவிடக் கடினமான வேலை. கணிதம், இயற்பியல், பொருளாதாரம் மூன்றும் அதில் தலையிடுகின்றன. மூடிய அரங்கில் நடக்கும் சண்டையில், சமமானவர்களைச் சேர்த்துவைப்பதன் மூலம் நியாயத்தை உண்டாக்கலாம். திறந்த உலகத்தில் அதற்கு வழி கிடையாது. அங்கே மிச்சமிருப்பது ஒரே ஒரு கருவிதான்: தாக்குகிறவர் அதற்காக எவ்வளவு இழக்க வேண்டும் என்பதை நிர்ணயிப்பது.

சமமானவரைத் தேடித்தரும் கணக்கு

அரங்கச் சண்டையின் நியாயம் சதுரங்கத்திலிருந்து வந்தது. ஹங்கேரியில் பிறந்து, அமெரிக்காவில் இயற்பியல் பேராசிரியராக இருந்த அர்பாத் எலோ, ஆட்டக்காரரின் திறமையை ஓர் எண்ணாக மாற்றும் முறையை உருவாக்கினார். அமெரிக்கச் சதுரங்கக் கூட்டமைப்பு 1960-லும், உலகச் சதுரங்க அமைப்பான ஃபிடே 1970-லும் அதை ஏற்றுக்கொண்டன. இந்த முறையில், இருவரின் எண்களுக்கு இடையே உள்ள வித்தியாசம்தான் முடிவை முன்கூட்டிச் சொல்கிறது. 200 புள்ளி கூடுதலாக உள்ளவர் சராசரியாக 100 புள்ளிக்கு 76 புள்ளி ஈட்டுவார். 400 கூடுதலாக இருந்தால் ஏறத்தாழ 91. எதிர்பார்ப்புக்கு மாறாக வலியவர் தோற்றால் அவருடைய எண் கணிசமாக இறங்கும். எதிர்பார்த்தபடி வென்றால் கொஞ்சம்தான் ஏறும்.

இன்றைய போட்டி கேம்கள் பலவற்றின் உள்ளே இதன் வாரிசுகள்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன. மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் எக்ஸ்பாக்ஸுக்காக உருவாக்கிய ‘ட்ரூஸ்கில்’ முறை, ஒருவரின் திறமையை மட்டும் குறித்துக்கொள்வதில்லை. அந்த மதிப்பீட்டில் எவ்வளவு நிச்சயம் இருக்கிறது என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்கிறது. புதிதாக வந்தவரின் எண் வேகமாக ஏறி இறங்கும். பழையவரின் எண் மெதுவாக நகரும். குழுவாக ஆடும்போது தனி ஆளின் திறமையைப் பிரித்தெடுப்பதும் இதில் சாத்தியம். ‘ஆட்டம் தேடப்படுகிறது’ என்று திரையில் வட்டம் சுழலும் நேரத்தில் சர்வர் செய்வது, வெற்றிவாய்ப்பு இரு தரப்புக்கும் பாதிக்குப் பாதி இருக்கும்படி ஆட்களைப் பொறுக்குவதுதான்.

இந்தக் கணக்கு பலிக்க இரண்டு நிபந்தனைகள் உண்டு. ஆட்டக்காரர் வரிசையில் காத்திருக்க வேண்டும். மோதும் இடம் மூடியிருக்க வேண்டும். கபடிக் களத்தில் கோடு இருக்கிறது, எடைப் பிரிவு இருக்கிறது, ஏழு பேருக்கு எதிரே ஏழு பேர்தான் இறங்க முடியும். திறந்த உலகத்தில் கோட்டை அழித்து, எடைப் பிரிவை எடுத்து, எத்தனை பேர் வேண்டுமானாலும் எந்தப் பக்கத்திலிருந்தும் வரலாம் என்று சொல்லிவிடுகிறார்கள். அதன் பிறகு யார் ஜெயிப்பார்கள் என்பதைத் தீர்மானிப்பவை வேறு இரண்டு: தலை எண்ணிக்கை, லெவல்.

பத்துப் பேருக்கு எதிரே ஐந்து பேர்

பிரிட்டிஷ் கார்த் தயாரிப்பாளரும் பொறியாளருமான ஃபிரெடெரிக் லாஞ்செஸ்டர், 1916-ல் விமானப் போர் பற்றி ஒரு நூல் எழுதினார். தொலைவிலிருந்து சுடும் ஆயுதங்களோடு இரண்டு படைகள் மோதும்போது, ஒவ்வொரு படையின் வலிமையும் அதன் எண்ணிக்கைக்கு ஏற்ப உயராமல், எண்ணிக்கையின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்கிறது என்பதை அதில் சமன்பாடாகக் காட்டினார். பெரிய படைக்கு இரண்டு ஆதாயங்கள் ஒரே நேரத்தில் கிடைப்பதுதான் காரணம். அது அதிகமாகச் சுடுகிறது. அதன் மேல் விழும் அடியோ பலர் மேல் சிதறுகிறது.

திறமையில் சமமான பத்துப் பேரும் ஐந்து பேரும் காட்டுப் பாதையில் எதிர்ப்படுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பத்தின் வர்க்கம் 100, ஐந்தின் வர்க்கம் 25. கழித்தால் 75, அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 8.7. அதாவது ஐந்து பேரும் மாண்டபின் எதிர்ப்பக்கத்தில் சராசரியாக எட்டு ஒன்பது பேர் நின்றுகொண்டிருப்பார்கள். ஐந்து உயிருக்கு ஈடாக ஓரிரு உயிர்தான் போயிருக்கும். பெருங்கூட்டமாகத் திரண்டு வந்து நசுக்குவதை ஆட்டக்காரர்கள் ‘ஸெர்க்’ என்பார்கள். 1998-ல் வெளியான ‘ஸ்டார்கிராஃப்ட்’ கேமில் திரள் திரளாகப் பாயும் உயிரினத்தின் பெயர் அது.

லாஞ்செஸ்டர் இன்னொரு நிலைமையையும் கணக்கிட்டார். ஒருவருக்கு எதிரே ஒருவர்தான் நிற்க முடியும் என்கிற கைகலப்பில் வர்க்கம் காணாமல் போய்விடும். ஐந்து பேர் விழுந்தால் எதிர்ப்பக்கத்திலும் ஐந்து பேர் விழுவார்கள். கேம் வடிவமைப்பாளர்கள் குறுகலான பாலத்தையும் கோட்டை வாசலையும் கணவாயையும் சண்டைக்குரிய இடங்களில் விரும்பி வைப்பதற்கு இந்தக் கணக்கே போதுமான விளக்கம். இடம் குறுகும்போது சிறிய படைக்கு உயிர் வருகிறது. ஒரே வீச்சில் ஒரு வட்டத்துக்குள் நிற்கும் எல்லோரையும் எரிக்கும் மந்திரமும் அதே வேலையைத்தான் செய்கிறது: கூட்டம் நெருங்கி நின்றால் அதற்கே அது பாதகமாக முடியும்.

லெவல் வித்தியாசம் இதைவிடக் கொடியது. லெவல் ஏறும்போது இரண்டு விஷயங்கள் சேர்ந்தே ஏறுகின்றன: அடிக்கும் பலம், அடி தாங்கும் உயிர்ப்புள்ளி. இந்த இரண்டும் ஒன்றையொன்று பெருக்கிக்கொள்ளும். பழைய ஆட்டக்காரர் ஒருவருக்குப் புதியவரைவிட மும்மடங்கு அடியும் மும்மடங்கு உயிரும் இருந்தால், ஒரே நேரத்தில் தாக்கும் மூன்று புதியவர்களை வரிசையாக வீழ்த்திவிட்டு நிற்பார். நான்கு பேர் வந்தால் தோற்பார். இரண்டும் பத்து மடங்காகிவிட்டால், பதின்மூன்று புதியவர்கள் சேர்ந்து வந்தாலும் அவரைச் சாய்க்க முடியாது. காகிதத்தில் போட்டுப் பார்க்கக்கூடிய எளிய கணக்குதான் இது. பல கேம்களில் ஆரம்ப லெவலுக்கும் உச்ச லெவலுக்கும் இடையே உள்ள இடைவெளி பத்து மடங்கோடு நிற்பதும் இல்லை. அங்கே சண்டை என்று ஒன்று நடப்பதே இல்லை. ஒருவர் வருகிறார், மற்றவர் சாகிறார்.

ஒளிக்கும் வேகத்தடை உண்டு

லெவலும் எண்ணிக்கையும் சமமாக அமைந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் இருவரும் ஒரே நொடியில் இருப்பதில்லை.

சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடியில் போகும் ஐ-டு-ஐ கேபிளின் நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளியின் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர். ஆக, சிங்கப்பூர் சர்வருக்கு ஒரு செய்தி போய்த் திரும்ப 32 மில்லிநொடி ஆகும். எவ்வளவு பணம் செலவழித்தாலும் இந்தக் கேபிள் வழியில் இதற்குக் கீழே இறங்க முடியாது. வீட்டு வைஃபை, இடைவழி ரவுட்டர்கள், நெரிசல் எல்லாம் சேர்ந்து, திரையின் மூலையில் ‘பிங்’ என்று தெரியும் இந்தப் போய்வரும் நேரம் இதைவிட அதிகமாகத்தான் இருக்கும். கண்ணில் பட்டதற்கு மனிதர் எதிர்வினை காட்ட 200 முதல் 250 மில்லிநொடி பிடிக்கும். பிங் 120-ஐத் தொட்டால், ஒரு மனிதரின் எதிர்வினை நேரத்தில் பாதியை வழிப்பயணமே விழுங்கிவிட்டது என்று பொருள்.

இந்தத் தாமதத்தை மறைக்க கேம்கள் இரண்டு வித்தைகளைக் கையாளுகின்றன. முதலாவது, முன்கணிப்பு. முன்னால் நடக்கும் பொத்தானை அழுத்தியவுடன், சர்வரின் ஒப்புதலுக்குக் காத்திராமல் நம் கணினியே பாத்திரத்தை நகர்த்திவிடும். பிறகு சர்வர் மறுத்தால் பின்னால் இழுத்துவிடும். ‘குவேக்’ கேமின் இணைய வடிவமாக 1996-ல் வந்த ‘குவேக்வேர்ல்ட்’ இதைப் பரவலாக்கியது. லேக் அடிக்கும்போது பாத்திரம் ரப்பர் போட்டு இழுத்ததுபோல் பழைய இடத்துக்குத் திரும்புவது இதனால்தான். இரண்டாவது, காலத்தைப் பின்னோக்கி ஓட்டுவது. நீங்கள் சுட்ட செய்தி கிடைத்ததும், நீங்கள் விசையை அழுத்திய கணத்தில் உங்கள் திரையில் எதிரி எங்கே தெரிந்தார் என்பதை சர்வர் கணித்து, உலகத்தை அந்தக் கணத்துக்குத் திருப்பிவைத்துப் பார்க்கும். வால்வ் நிறுவனம் ‘ஹாஃப்-லைஃப்’ கேமில் இதைச் செய்தது.

இந்த ஏற்பாட்டில் சுடுகிறவருக்கு நியாயம் கிடைக்கிறது. சுடப்படுகிறவருக்கு எரிச்சல்தான் மிஞ்சுகிறது. சுவருக்குப் பின்னால் ஒளிந்தாயிற்று என்று அவருடைய திரை சொல்லும். ஒரு கணம் கழித்து அவர் செத்து விழுவார். ‘ஏமாற்றுகிறான்’ என்று அவர் கத்துவதும், ‘கண்ணெதிரே நின்றாய், சுட்டேன்’ என்று மற்றவர் சொல்வதும் இரண்டுமே உண்மை. இருவரும் பார்த்தது வெவ்வேறு கடந்தகாலம்.

அதனால் பெரிய திறந்த உலகங்கள் பல, வேகமான அனிச்சையை நம்பாத சண்டை முறையையே நெடுங்காலம் கையாண்டன. 2004-ல் வந்த ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ கேமில் ஒரு திறனைப் பயன்படுத்தினால், அடுத்ததற்குப் பொதுவாக 1.5 நொடி காத்திருக்க வேண்டும். இலக்கைத் தேர்ந்தெடுத்துவிட்டால் போதும், குறிபார்க்கத் தேவையில்லை. 1.5 நொடி இடைவெளிக்குள் 150 மில்லிநொடித் தாமதம் காணாமல் போய்விடும். இப்போது வரும் கேம்கள் குறிபார்த்து வெட்டுவதையும், கடைசி நொடியில் உருண்டு தப்பிப்பதையும் விரும்புகின்றன. பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் சர்வருக்கு அருகில் குடியிருப்பவருக்கும் தொலைவில் குடியிருப்பவருக்கும் இடையே உள்ள ஏற்றத்தாழ்வு அங்கே பட்டவர்த்தனமாகிவிடுகிறது.

ஆயிரம் பேர் ஒரே இடத்தில்

கூட்டம் சேர்ந்தால் சர்வரின் பாடும் வர்க்கக் கணக்கில்தான் போகிறது. ஒருவர் கையசைத்தாலும் அதைச் சுற்றியிருக்கும் அத்தனை பேருக்கும் தெரிவிக்க வேண்டும். பத்துப் பேர் என்றால் ஒரு சுற்றுக்கு 90 செய்திகள். நூறு பேர் என்றால் 9,900. ஆயிரம் பேர் கூடினால் ஏறத்தாழ 10 லட்சம். ஆட்கள் நூறு மடங்கு கூடினால் வேலை பத்தாயிரம் மடங்குக்கு மேல் கூடிவிடுகிறது. தூரத்தில் நிற்பவரின் அசைவை அடிக்கடி அனுப்பாமல் விடுவது, கண்ணுக்கு மறைவாக இருப்பவரை விட்டுவிடுவது என்று சிக்கனம் பிடிப்பார்கள். ஆனால் கோட்டை முற்றுகையில் எல்லோரும் எல்லோர் கண்ணிலும் படுவார்கள். சிக்கனத்துக்கு அங்கே இடமில்லை.

ஐஸ்லாந்தின் ரெய்க்யாவிக் நகரில் இருக்கும் சிசிபி நிறுவனம் 2003-ல் வெளியிட்ட விண்வெளி கேம் ‘ஈவ் ஆன்லைன்’. சீனா நீங்கலாக மற்ற நாட்டு ஆட்டக்காரர்கள் அனைவரும் அதில் ஒரே பிரபஞ்சத்தில் இருக்கிறார்கள்; கூட்டத்தைப் பல பிரதிகளாகப் பிரித்து அனுப்பும் வசதி அங்கே இல்லை. சுமை தாங்காமல் சர்வர் திணறும்போது யாருடைய கட்டளை முதலில் நிறைவேறும் என்பது குருட்டு அதிர்ஷ்டமாகிவிடும். இதற்கு சிசிபி கண்ட தீர்வு துணிச்சலானது: காலத்தையே மெதுவாக்கியது. நெரிசல் கூடக்கூட அந்த விண்மீன் மண்டலத்தின் கடிகாரம் படிப்படியாகத் தளர்ந்து, இயல்பு வேகத்தில் 10 சதவீதம்வரை இறங்கும். பீரங்கி மெதுவாக நிரம்பும், கப்பல் மெதுவாகத் திரும்பும்; எல்லோருக்கும் ஒரே அளவில். வேகத்தைப் பலிகொடுத்து நியாயத்தைக் காப்பாற்றிக்கொள்கிறார்கள்.

2014 ஜனவரி 27-ல் ‘பி-ஆர்5ஆர்பி’ என்ற மண்டலத்தில் தொடங்கிய போர் இதற்குப் புகழ்பெற்ற சாட்சி. அந்த மண்டலத்தின் உரிமைக்காகக் கட்ட வேண்டிய கட்டணம் கட்டப்படாமல் விட்டுப்போனதில் பற்றிய தீ, ஏறத்தாழ 21 மணி நேரம் எரிந்தது. 7,500-க்கும் மேற்பட்டோர் பங்கெடுத்தார்கள். கட்டி முடிக்கவே பல வாரங்கள் ஆகும் ‘டைட்டன்’ வகை ராட்சதக் கப்பல்கள் 75 அழிந்தன. ஆட்டக்காரர்கள் பணம் கொடுத்து விளையாட்டு நேரத்தை வாங்கி அதை விளையாட்டுப் பணத்துக்கு விற்க வழி இருப்பதால், இழப்பை டாலரில் மதிப்பிட முடிந்தது: 3 லட்சத்துக்கும் மேல். செய்தி ஊடகங்களை அன்று ஈர்த்தது கப்பல்களின் பிரமாண்டத்தைவிட இந்தத் தொகைதான். கேம்களில் சண்டைக்குக் கனம் சேர்ப்பது இழப்பு என்பது அன்று கேம் ஆடாதவர்களுக்கும் தெரியவந்தது.

முதலில் சுடுபவரே பிழைக்கிறார்

இழப்பு அதிகமாகி, தாக்குதலுக்குத் தண்டனை இல்லாமல் போனால் என்ன ஆகும்? 2012-ல் நியூசிலாந்துக்காரர் டீன் ஹால், ‘ஆர்மா 2’ என்ற ராணுவ கேமின் மேல் ‘டே-இஸட்’ என்ற மாற்று வடிவத்தைக் கட்டினார். பிணங்கள் நடமாடும் ஒரு பெரிய நிலப்பரப்பு. பசி, தாகம், கொஞ்சம் தோட்டா. செத்தால் சேர்த்ததெல்லாம் போச்சு. யாரையும் கொல்ல வேண்டும் என்று அந்த கேம் கட்டளையிடவில்லை. ஆனாலும் எதிர்ப்படும் அந்நியரைப் பேசாமல் சுட்டுவிடுவது அங்கே வழக்கமாகிவிட்டது.

அவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் என்று முடிவுகட்ட வேண்டியதில்லை. ஆட்டக் கோட்பாடு வேறு விளக்கம் தருகிறது. எதிரே வருபவர் நல்லவராக இருக்கலாம். நம்பி, அவர் நல்லவராகவே இருந்தால் எனக்குச் சிறிய லாபம், ஒருவேளை ஒரு துணை. நம்பி, அவர் சுட்டுவிட்டால் எனக்கு எல்லாமே நஷ்டம். நான் முந்திக்கொண்டால் நஷ்டமில்லை. அவருடைய தோட்டாவும் எனக்கு. அவரும் இதையேதான் நினைத்துக்கொண்டிருப்பார் என்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். ஆளுக்கு ஆள் பயந்தே துப்பாக்கி வெடிக்கிறது.

இந்த முட்டுச்சந்திலிருந்து வெளியேறும் வழியை அரசியல் அறிவியலாளர் ராபர்ட் ஆக்செல்ராட் 1980-களில் கணினிப் போட்டிகள் நடத்திக் காட்டியிருந்தார். அதே இருவர் மறுபடி மறுபடி சந்திக்க நேர்ந்தால் ஒத்துழைப்பு லாபகரமாகிவிடும். அவருடைய போட்டியில் வென்றது, முதலில் நல்லவராக இருந்து, பிறகு எதிராளி செய்ததையே திருப்பிச் செய்யும் மிக எளிய நிரல். ஆனால் அது பலிக்க வேண்டுமானால், நேற்று ஏமாற்றியவரை நாளை அடையாளம் காண முடிய வேண்டும். பெயரை மாற்றிக்கொண்டு, முகமூடி போட்டுக்கொண்டு, பல்லாயிரம் பேருக்கு நடுவே மறைந்துவிடலாம் என்றால் நாளை என்பதற்கே மதிப்பில்லை.

மான்கள் வெளியேறும் காடு

பிரிட்டனின் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 1978-ல் ராய் டிரப்ஷா தொடங்கி, ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்தெடுத்த ‘மட்’, வெறும் எழுத்தாலேயே ஆன ஆன்லைன் உலகம். அதில் பெற்ற அனுபவத்தை வைத்து பார்ட்டில் 1996-ல் ஒரு கட்டுரை எழுதினார். ஆட்டக்காரர்களைச் சீட்டுக்கட்டின் நான்கு சின்னங்களாகப் பிரித்தார்: புள்ளி சேர்ப்பவர்கள், புதிய இடம் தேடித் திரிபவர்கள், பழகிப் பேச வருபவர்கள், பிறரைக் கொன்று மகிழ்பவர்கள். வகைப்பிரிவு பிரபலமானது. அதைவிடக் கூர்மையானது, நான்கு வகையும் ஒன்றின் எண்ணிக்கையை மற்றொன்று எப்படி ஏற்றி இறக்குகிறது என்று அவர் போட்ட வரைபடம். கொல்பவர்கள் பெருகினால் பழக வந்தவர்கள் முதலில் கிளம்புவார்கள். அவர்கள் கிளம்பினால் பேச ஆளில்லாமல் அவர்களைப் போன்ற இன்னும் சிலர் கிளம்புவார்கள். சரிவு தன்னைத்தானே வேகப்படுத்திக்கொள்ளும்.

வேட்டையாடும் விலங்குக்கும் இரைக்கும் இடையே உள்ள சமநிலையைச் சூழலியல் நெடுங்காலமாகச் சமன்பாடுகளில் எழுதிவருகிறது. இரை குறைந்தால் வேட்டை விலங்கு பட்டினியால் குறையும். பிறகு இரை மீண்டும் பெருகும். கேமில் இந்தச் சுழற்சி முழுமையடைவதில்லை. கொல்லப்பட்ட புதியவர் சந்தாவை ரத்துசெய்துவிட்டு வேறு உலகத்துக்குப் போய்விடுவார். காட்டு மானுக்கு அந்த வசதி கிடையாது.

டெக்சஸின் ஆஸ்டின் நகரிலிருந்த ஆரிஜின் நிறுவனம் 1997 செப்டம்பரில் வெளியிட்ட ‘அல்டிமா ஆன்லைன்’ இந்தப் பாடத்தைக் கண்கூடாகப் படித்தது. புல், புல்லைத் தின்னும் விலங்கு, அதைத் தின்னும் விலங்கு என்று ஓர் உணவுச் சங்கிலியையே அதில் கட்டியிருந்தார்கள். ஆட்டக்காரர்கள் உள்ளே வந்த வேகத்தில் கண்ணில் பட்டதையெல்லாம் வெட்டித் தள்ளியதில் அந்தச் சூழல் இயங்கவே முடியாமல் போயிற்று. வெளியீட்டுக்கு முந்தைய சோதனையில், படைப்பாளி ரிச்சர்ட் கேரியட்டே ‘லார்ட் பிரிட்டிஷ்’ என்ற அரசர் வேடத்தில் மக்கள் முன் தோன்றினார். சர்வர் ஒருமுறை செயலிழந்து மீண்டிருந்தது. தன் பாத்திரத்துக்குச் சாகாவரம் தரும் அமைப்பைத் திரும்ப இயக்க அவர் மறந்திருந்தார். கூட்டத்திலிருந்த ஒருவர் வீசிய நெருப்பு மந்திரத்தில் அரசர் செத்து விழுந்தார்.

அரசருக்கே அந்த நிலை என்றால் சுரங்கம் வெட்டப் போன புதியவர்களைக் கேட்கவா வேண்டும்? ஊருக்கு வெளியே கொன்று, பிணத்திலிருந்து பொருளை அள்ளிக்கொண்டு போகலாம். ஐந்து கொலை சேர்ந்தால் பெயர் சிவப்பாகும், காவலர் உள்ள ஊருக்குள் தலைகாட்ட முடியாது என்றெல்லாம் விதிகள் கொண்டுவந்தார்கள். கொலைகாரர்கள் அவற்றைச் சுற்றிப் போக வழி கண்டார்கள். கடைசியில் 2000-ல், உலகத்தையே இரண்டாக நகலெடுத்தார்கள். பழைய ‘ஃபெலுக்கா’வில் யாரும் யாரையும் தாக்கலாம், புதிய ‘டிராமெல்’லில் சம்மதமில்லாமல் தாக்க முடியாது. பெரும்பாலான ஆட்டக்காரர்கள் டிராமெலுக்குக் குடிபெயர்ந்தார்கள். பழைய உலகத்தின் பதற்றமும், ஒருவரையொருவர் காத்துக்கொள்ளச் சேர்ந்த கூட்டணிகளும் அங்கே நீர்த்துப்போயின என்று புலம்பியவர்களும் உண்டு. அவர்கள் சொன்னதிலும் உண்மை இருந்தது.

சட்டம் என்ற விலைப்பட்டியல்

தடுப்பதா, விட்டுவிடுவதா என்ற இரண்டுக்கும் நடுவே மூன்றாவது வழி ஒன்று உண்டு: விலை வைப்பது. குற்றம் செய்பவரும் லாப நஷ்டக் கணக்குப் போடுபவர்தான். பிடிபடும் வாய்ப்பையும் தண்டனையின் கடுமையையும் பெருக்கிப் பார்க்கிறார் என்று பொருளாதார அறிஞர் கேரி பெக்கர் 1968-ல் எழுதினார். 1992-ல் நோபல் பரிசு பெற்றவர். அவருடைய கருத்து ஏறக்குறைய அப்படியே இயங்கும் ஒரு சமுதாயத்தைப் பார்க்க விரும்பினால் ‘ஈவ் ஆன்லைன்’ பக்கம் போகலாம்.

அங்கே ஒவ்வொரு மண்டலத்துக்கும் 1.0 முதல் 0.0 வரையும் அதற்குக் கீழேயும் பாதுகாப்பு மதிப்பெண் உண்டு. உயர்ந்த மதிப்பெண் உள்ள இடத்தில் காரணமில்லாமல் ஒருவரைத் தாக்கினால், ‘கான்கார்ட்’ என்ற காவல்படை சில நொடிகளில் வந்து தாக்கியவரின் கப்பலை அழித்துவிடும். அதை எதிர்த்து ஜெயிக்கவோ அதனிடமிருந்து தப்பவோ விதி இடம் தராது. ஆனால் அது தாக்குதலைத் தடுப்பதில்லை. மதிப்பெண் குறையக் குறைய அது வந்து சேரும் நேரமும் நீள்கிறது. ஆக, பிடிபடும் வாய்ப்பு நூறு சதவீதம்; தண்டனை, ஒரு கப்பலின் விலை. வழிப்பறிக்கு அங்கே விலைச்சீட்டே ஒட்டியிருக்கிறது.

எனவே கொள்ளையர்கள் கணக்குப் போடுகிறார்கள். தாக்குவதற்கு விளையாட்டுப் பணத்தில் 2 கோடி பெறுமானமுள்ள மலிவுக் கப்பல்கள் தேவை என்று வைத்துக்கொள்வோம். அவை அழிவது உறுதி. இரையின் கப்பல் வெடிக்கும்போது சரக்கில் சராசரியாகப் பாதிதான் மிஞ்சும்; அதை அள்ள ஒரு கூட்டாளி காத்திருப்பார். அப்படியானால் 4 கோடிக்கு மேல் சரக்கு ஏற்றியவரை அடித்தால்தான் லாபம். சரக்குக் கப்பல் ஓட்டுபவர்களும் இதே கணக்கை மறுபக்கத்திலிருந்து போடுகிறார்கள்: ஒரே நடையில் எவ்வளவு ஏற்றலாம், கப்பலின் கவசத்தைக் கூட்டினால் கொள்ளையரின் செலவு எவ்வளவு கூடும், எந்த வழி ஆபத்து. எச்சரிக்கையாக இருப்பவர் பெரும்பாலும் பிழைக்கிறார், பேராசைப்பட்டவர் இழக்கிறார். இந்தச் சந்தையின் நாடித்துடிப்பைப் பார்ப்பதற்கென்றே 2007-ல் எய்யோல்ஃபுர் குத்முண்ட்சன் என்ற பொருளாதார நிபுணரை சிசிபி வேலைக்கு எடுத்தது.

விலையை எதிர்த்திசையிலும் வைக்கலாம். ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ 2018-ல் ‘வார் மோட்’ என்ற பொத்தானைக் கொண்டுவந்தது. தலைநகரில் அதைப் போட்டுக்கொண்டவர்கள் அதைப் போட்டுக்கொண்ட மற்றவர்களோடு மட்டும் மோதுவார்கள். ஆபத்தை ஏற்றதற்குக் கூலியாகக் கூடுதல் அனுபவப் புள்ளி கிடைக்கும். ஒரு தரப்பில் ஆள் குறைந்தபோது அந்தத் தரப்பின் கூலியை உயர்த்தினார்கள். லாஞ்செஸ்டரின் வர்க்கக் கணக்கைச் சரிக்கட்ட, ஆள்பற்றாக்குறைக்கு ஏற்பச் சம்பளம் உயர்த்தும் சந்தை வழியைப் பிடித்தார்கள். அமேசானின் ‘நியூ வேர்ல்ட்’ வெளியாகும் முன்பே பாதை மாறியது. முதலில் எங்கும் தாக்கலாம் என்று வடிவமைத்திருந்தார்கள். சோதனைக் கட்டத்தில் உயர்லெவல்காரர்கள் புதியவர்களைத் திரும்பத் திரும்பக் கொன்றதைப் பார்த்தபின், 2020-ல் அதை விரும்பியவர் மட்டும் சேரும் ஏற்பாடாக மாற்றி, 2021 செப்டம்பரில் வெளியிட்டார்கள்.

விலை நிர்ணயிக்கும்போது மனித மனத்தின் ஒரு கோணலையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். டேனியல் கானமன், ஆமோஸ் ட்வெர்ஸ்கி இருவரும் 1979-ல் வெளியிட்ட கோட்பாட்டின்படி, ஒரே அளவு லாபம் தரும் மகிழ்ச்சியைவிட அதே அளவு நஷ்டம் தரும் வலி பெரிது. அவர்களுடைய பிற்கால மதிப்பீட்டில் அது ஏறத்தாழ இரு மடங்கு. இரையின் பையிலிருந்து கொள்ளையரின் பைக்கு ஒரு வாள் மாறும்போது பொருட்கணக்கில் உலகத்துக்கு நஷ்டமில்லை. மனக்கணக்கில் ஒவ்வொரு கொள்ளையும் உலகத்தின் மொத்த மகிழ்ச்சியைக் குறைக்கிறது. இழந்ததை அரைமணியில் மீட்டுக்கொள்ளலாம் என்ற நிலை இருந்தால் அந்த வலி கதையாக மாறும். ஒரு மாத உழைப்பு போய்விட்டது என்றால் இழந்தவர் கேமையே அழித்துவிடுவார்.

எனவே வரப்போகும் ஒரு திறந்த உலக கேமின் பிவிபி நன்றாக இருக்குமா என்று அறிய விரும்புகிறவர், டிரெய்லரில் தெரியும் வாள்வீச்சைவிட வேறு சில விவரங்களைத் தேடிப் படிப்பது நல்லது. உச்ச லெவல் ஆள் புதியவரைவிட எத்தனை மடங்கு வலியவர்? சர்வர் எந்த நாட்டில் இருக்கிறது? ஒரே இடத்தில் முந்நூறு பேர் கூடினால் என்ன செய்யப்போகிறார்கள்? கொன்றவரின் பெயர் ஊருக்குத் தெரியுமா, மறுநாள் பெயரை மாற்றிக்கொள்ளலாமா? செத்தால் எது போகும், எது மிஞ்சும்? எல்லாவற்றுக்கும் மேலாக, என்னைக் கொல்வதற்கு அவர் என்ன செலவழிக்க வேண்டும்?

கடைசிக் கேள்விக்கு ‘ஒன்றுமில்லை’ என்பது பதிலானால் அந்த உலகம் சில மாதங்களில் வேட்டைக்காரர்கள் மட்டும் உலவும் பொட்டலாகும். ‘எந்த விலை கொடுத்தாலும் முடியாது’ என்பது பதிலானால் அமைதி இருக்கும். காவலும் கூட்டணியும் துணைக்கு ஆள் சேர்க்கும் தேவையும் இருக்காது. இரண்டுக்கும் இடையில் விலையை வைப்பவர்களும் அதை ஒருமுறை வைத்துவிட்டு ஓய முடியாது. விதி வெளியான அன்றே அதில் ஓட்டை தேட ஆயிரம் பேர் கிளம்புவார்கள். அதனால் ஒரு கேமின் சண்டை முறையை வெளியீட்டு நாளில் மதிப்பிடுவதைவிட, ஆறு மாதம் கழித்து புதிதாகச் சேர்ந்த ஒருவர் இரண்டாவது வாரமும் உள்ளே வருகிறாரா என்று பார்த்து மதிப்பிடுவதே சரி.